குழந்தையின் கண்மணியில் வெள்ளை ஒளி: யாரிடம் போவது, எதைத் தேர்ந்தெடுப்பது?

பிறந்தநாள் படத்திலோ கோயில் திருவிழாப் படத்திலோ எல்லார் கண்ணும் வழக்கம்போல் இருக்க, குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. மறுநாள் இன்னொரு படம் எடுத்தால் மின்னலாம், மின்னாமலும் போகலாம். இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று. முதலில் யாரிடம் காட்டுவது? நோய் உறுதியானால் கண்ணை எடுப்பதா, காப்பாற்றப் பார்ப்பதா? வைத்தியத்தை இங்கே மலேசியாவிலேயே செய்வதா, இந்தியாவுக்குப் போவதா? வீட்டில் சொந்தபந்தங்கள் கூடி மணிக்கணக்கில் பேசுவது இரண்டாவதையும் மூன்றாவதையும். குழந்தையின் உயிரை அதிகம் தீர்மானிப்பது முதலாவது.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலர் முதலில் வருவது எங்களைப் போன்றவர்களிடம்தான். அதனால் எந்த வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது.

வெள்ளை ஒளிக்குப் பல காரணங்கள் உண்டு. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரை இரத்தக் குழாய்களில் வரும் நோயாக இருக்கலாம். குழந்தை சற்றே பக்கவாட்டில் பார்க்கும்போது பிளாஷ் வெளிச்சம் பார்வை நரம்பின் மேல் பட்டுத் திரும்புவதாகவும் இருக்கலாம். அப்படியானால் பயம் இல்லை. ஆனால் முதலில் 'இது இல்லை' என்று உறுதி செய்துகொள்ள வேண்டியது விழித்திரைப் புற்றுநோயைத்தான். மருத்துவர்கள் ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். கண்ணின் உள்சுவரில் இருக்கும் விழித்திரையில் கட்டி வளர்கிறது. அதன் வெளிர்நிறம்தான் கண்மணி வழியாக வெள்ளையாகத் தெரிகிறது. 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வரும் நோய் இது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 8,000 குழந்தைகள். ஏறக்குறைய எல்லாருமே 5 வயதுக்கு உட்பட்டவர்கள். இவ்வளவு அரிதாக இருப்பதால், குடும்ப மருத்துவர் பலர் தங்கள் வாழ்நாளில் ஒரு குழந்தையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தாமதத்தின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

மீதிப் பாதியை எண்களே சொல்லும். 2017-இல் நோய் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளை 153 நாடுகளிலிருந்து சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பணக்கார நாடுகளில் நோய் கண்டறியப்படும்போது குழந்தையின் நடுநிலை வயது 14 மாதம். ஏழை நாடுகளில் 30 மாதத்துக்கும் மேல். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பேருக்குத்தான் அந்நேரம் புற்று கண்ணைத் தாண்டி வெளியே போயிருந்தது. ஏழை நாடுகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு. அதே குழந்தைகளை 3 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பணக்கார நாடுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். ஏழை நாடுகளில் 57 விழுக்காடு. மலேசியா போன்ற மேல்நடுத்தர வருமான நாடுகளில் சுமார் 91. நோய் ஒன்றுதான், மருந்துகளும் பெரும்பாலும் ஒன்றுதான். மாறுவது எத்தனையாவது மாதத்தில் வந்து சேர்ந்தார்கள் என்பதும், வந்தபின் சிகிச்சையை முழுதாக முடித்தார்களா என்பதும்.

இந்த நோயைப் பார்க்கும் மருத்துவர்களிடம் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உயிர், அடுத்து கண், அதற்கும் அடுத்துதான் பார்வை. கீழே நான் ஒவ்வொரு வழியையும் இந்த வரிசையை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதல் முடிவு: யாரிடம் காட்டுவது

காத்திருந்து பார்ப்பது என்ற வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைத் தேர்ந்தெடுத்ததாக யாரும் சொல்வதில்லை, தானாக நடந்துவிடுகிறது. குழந்தை ஓடியாடி விளையாடுகிறது, வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. ஒரு கண்ணில் பார்வை போனாலும் மற்றக் கண் சமாளித்துவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதை வாயால் சொல்லத் தெரியாது. மாறுகண் வந்தால் 'அதிர்ஷ்டம்' என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகி நிற்பது இயல்புதான். அதற்குப் பிறகும் விலகினால் அது பரிசோதிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் இந்த நோயில் வெள்ளை ஒளிக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படும் அறிகுறி மாறுகண். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு விடுவது, திருஷ்டி கழிப்பது எல்லாம் நம் வீடுகளில் இன்றும் நடக்கின்றன. திருஷ்டி கழிப்பதால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். முக்கியமாக, இதில் எதுவும் ஒரு வாரத்தைக்கூட விழுங்க விடாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. குழந்தைக்குப் பிடித்த பொம்மையையோ கைப்பேசியில் ஓடும் பாட்டையோ முன்னால் காட்டிக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மெதுவாக மூடுங்கள். பிறகு மற்றக் கண்ணை. இரண்டு கண்ணும் நன்றாக இருந்தால் இரண்டு முறையும் குழந்தை ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்து, மற்றதை மூடியதும் சிணுங்கி உங்கள் கையைத் தள்ளிவிட்டால், திறந்திருக்கும் கண்ணில் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் பிரையன் ஷா என்ற வேதியியல் பேராசிரியரின் மகனுக்கு இந்த நோய் வந்தது. அவரும் உடன் வேலை செய்தவர்களும் குடும்பப் படங்களில் வெள்ளைக் கண்மணியைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு செயலியை உருவாக்கினார்கள். 2019-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் படங்களில், மருத்துவர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக ஓராண்டுக்கு மேல் முன்பே அந்த ஒளி இருந்தது. செயலி ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கைப்பேசியின் சிவப்புக்கண் நீக்கும் வசதியும் அடையாளத்தை அழித்துவிடும்.

அடுத்தது கண்ணாடிக் கடை. என் கடையைப் போன்றதைப் பற்றித்தான் சொல்கிறேன். பட்டம் பெற்ற கண் பரிசோதகர் இருந்தால் டார்ச்சும், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பும் வைத்து இரண்டு கண்ணிலும் வரும் பிரதிபலிப்பை ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஒரு மாலையில் ஓர் அம்மா பதினெட்டு மாதக் குழந்தையோடு வந்தார். "அக்கா, இது கேமரா கோளாறா, கண் கோளாறா?" என்று கைப்பேசியை நீட்டினார். படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனோம். தீபாவளி, அதற்கு முன் ஒரு கல்யாணம், அதற்கும் முன் குழந்தைக்குச் சோறூட்டிய நாள். ஒவ்வொன்றிலும் இடது கண்ணில் அதே வெள்ளை. விளக்கை அணைத்துவிட்டு ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தபோது வலது கண்ணில் ஆரஞ்சு நிற ஒளி வந்தது. இடது கண்ணில் மங்கிய சாம்பல் வெளுப்பு. எங்களால் அவ்வளவுதான் முடியும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்த்து முடிவு சொல்வது கண் நிபுணரின் வேலை. நான் கடிதம் எழுதிக் கொடுத்து மறுநாள் காலையே போகச் சொன்னேன். அந்த அம்மா ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் காட்டியிருந்தார். கண்ணில் தொற்று என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆகவே கண்ணாடிக் கடைக்கு வருவது தவறில்லை, அன்றே கடிதத்தோடு வெளியேறினால். 'ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்' என்றோ 'கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்' என்றோ சொன்னால் அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

குடியிருப்புக்குப் பக்கத்திலிருக்கும் தனியார் கிளினிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இதற்கான கருவி அவரிடம் இருக்காது. கடிதம் வாங்குவதற்காக மட்டும் போங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானை, அதாவது அரசு சுகாதார நிலையத்தை, நான் மதிக்கிறேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மருத்துவ அதிகாரியைப் பார்க்கலாம், குழந்தையின் உடல்நலப் பதிவுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது. தடுப்பூசிக்காக 2, 3, 5 மாதங்களிலும், 9, 12, 18 மாதங்களிலும் எப்படியும் போகிறோம். அந்தப் பயணங்களில் ஒவ்வொன்றும் கண்ணைக் காட்ட ஒரு வாய்ப்பு, தாதி கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லலாம். அங்கிருந்து போகும் கடிதத்துக்கு அரசு மருத்துவமனை நிபுணர் பிரிவில் கட்டணமும் மிகக் குறைவு. இந்த வழியில் இருக்கும் ஒரே ஆபத்து தேதி. சாதாரணக் கண் பிரச்சினை என்று பதிவானால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் முகப்பில் 'கண்ணைக் காட்ட வந்தோம்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'அனாக் மாத்தா நம்பாக் பூத்தே', அதாவது கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள். கடிதத்தில் அந்த வார்த்தைகளும் 'அவசரம்' என்பதும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மருத்துவரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தனியார் கண் நிபுணரிடம் போனால் அன்றே சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுத்துவிடுவார்கள். சில நூறு வெள்ளி ஆகலாம். இந்த நோய் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைப்பதால், புரட்ட முடிந்தவர்கள் இந்தச் செலவைச் செய்வது சரி என்பேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நோய் என்று தெரிந்த பிறகு முழுச் சிகிச்சையையும் தனியாரில் தொடர்ந்தால் சேமிப்பு கரைந்துபோகும். மருத்துவ அட்டை வைத்திருப்பவர்கள் காப்புறுதிப் பத்திரத்தில் காத்திருப்புக் காலத்தையும், பிறவி மற்றும் பரம்பரை நோய்களுக்கான விலக்கையும் முதலில் படித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பல ஆண்டுகள் தேவைப்படப்போவது கண் மருத்துவர், குழந்தைப் புற்றுநோய் மருத்துவர், மயக்க மருத்துவர், நோயியல் நிபுணர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். தலைநகரில் அது கோலாலம்பூர் பொது மருத்துவமனையும் அதன் வளாகத்திலிருக்கும் துங்கு அசிசா மருத்துவமனையும். பல்கலைக்கழக மருத்துவமனைகளும் உண்டு.

கண் சிவந்து வீங்கி, வெளியே பிதுங்கி, குழந்தை வலியில் அழுதால் கடிதத்துக்காக அலையாதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் முடிவில் என் தேர்வு இதுதான்: கையில் பணம் இருந்தால் தனியார் நிபுணரிடம் ஒரு முறை காட்டி, அந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு. பணம் இல்லையென்றால் நாளைக் காலை கிளினிக் கெசிஹாத்தான், கையில் படத்தோடு. இரண்டுமே நல்ல வழிகள்.

இரண்டாவது முடிவு: கண்ணை எடுப்பதா, காப்பாற்றுவதா

குடும்பம் உடைந்துபோகும் இடம் இது. அவசரமாக நான்கு வரியில் கடந்துவிட முடியாது.

முதலில், எப்படி உறுதி செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையை மயக்கி வைத்து இரண்டு கண்ணையும் முழுதாகப் பார்ப்பார்கள். அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்வை நரம்பும் மூளையும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். 'கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்காமல் புற்றுநோய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மற்றப் புற்றுநோய்களில் அது நியாயமான கேள்வி. இந்தக் கண்ணுக்குள் ஊசி செலுத்தினால் புற்றணுக்கள் வெளியே சிந்திப் பரவும். அதனால் ஊசி போடாமலே முடிவு செய்வதுதான் சரியான முறை. அதை மருத்துவரின் அவசரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கண்ணுக்குள்ளேயே இருக்கும் நோயை ஆங்கில எழுத்து ஏ-யிலிருந்து ஈ வரை (A–E) ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முன்னால் உண்மையில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பதை அது சொல்லிவிடும். ஏ பிரிவில் சிறு கட்டியை லேசரால் சுடலாம் அல்லது உறைய வைத்து அழிக்கலாம். பி, சி பிரிவுகளில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு லேசர். டி பிரிவு நடுவில் நிற்கிறது: மற்றக் கண் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஈ பிரிவில் கண்ணின் உள்கட்டமைப்பே சிதைந்திருக்கும், பார்வை பெரும்பாலும் ஏற்கெனவே போயிருக்கும். அங்கே மருத்துவர்கள் சொல்வது கண்ணை எடுப்பதைத்தான்.

கண்ணைக் காப்பாற்றும் வழிக்கு உண்மையான விலை என்ன? கீமோ என்றால் வழக்கமாக மூன்று மருந்துகள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பொதுவாக ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றின் போதும் மயக்கத்தில் கண் பரிசோதனை, லேசர். இடையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்க முடியாது. எதிர்ப்புச் சக்தி விழுந்திருக்கும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செந்தூலில் இருப்பவருக்கு அது சிறு தூரம். கோலசிலாங்கூர் தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு நாள்கூலிக்குப் போகும் அப்பாவுக்கு ஒவ்வொரு சுற்றும் சம்பளமில்லாத நாட்கள். ஆறு சுற்று முடிந்ததும் நின்றுவிடாது, கட்டி மீண்டும் தலைதூக்குகிறதா என்று பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும். சிகிச்சையை முடிக்க முடியுமா என்ற கேள்வியையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள். மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் தலைநகரில் புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்கள் தங்க இல்லம் நடத்துகிறது. மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றம் பண உதவி செய்கிறது. மருத்துவமனையிலேயே சமூகநல அதிகாரி இருப்பார். இவர்களைக் கேட்காமலே சிகிச்சையைக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கண்ணுக்குப் போகும் தமனிக்குள்ளேயே மருந்து செலுத்தும் முறை ஒன்று இருக்கிறது. தொடையிலிருந்து மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, கண்ணின் தமனி வரை கொண்டுபோய், மெல்ஃபலான் என்ற மருந்தை நேராக அங்கே விடுகிறார்கள். ஜப்பானில் தொடங்கி, 2006 முதல் நியூயார்க்கில் மெருகேற்றப்பட்ட முறை இது. முன்பெல்லாம் எடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த பல கண்களை இது காப்பாற்றியிருக்கிறது. குறைந்த மருந்து, உடம்பு முழுவதும் படும் பாதிப்பும் குறைவு. ஆனால் சிறு குழந்தையின் நூல் போன்ற தமனியில் கை நடுங்காமல் வேலை செய்யும் குழு வேண்டும். கண்ணைத் தாண்டி நோய் போயிருக்கும் சந்தேகம் இருந்தால் இது கூடாது. இணையத்தில் படித்துவிட்டு 'இதைச் செய்யுங்கள்' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஈ பிரிவுக் குழந்தையின் பெற்றோர்களாக இருக்கிறார்கள். அவர்களின் வேதனை புரிகிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு அது பொருத்தமான வழி இல்லை.

வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுப்பது ஒரு காலத்தில் முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. பரம்பரை வகை நோய் உள்ள குழந்தைகளுக்கு அதனால் பின்னாளில் வேறு புற்றுநோய்கள் வருவது தெரிந்த பிறகு கடைசி வழியாக ஒதுக்கிவிட்டார்கள்.

சரி, கண்ணை எடுப்பது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மாக்கள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். பாட்டி "என் பேரப்பிள்ளையைக் குருடாக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார். பெண் குழந்தையாக இருந்தால் 'நாளைக்கு யார் கட்டிப்பாங்க' என்ற கேள்வி அன்றே வந்துவிடுகிறது, குழந்தைக்கு ஒன்றரை வயதுதான் ஆகியிருக்கும். ஆடி போகட்டும், தைப்பூசம் முடியட்டும், நல்ல நாள் பார்த்துச் செய்வோம் என்று தேதி நகர்கிறது. பத்துமலைக்கு நேர்த்திக்கடன் வைப்பதை நான் தடுக்க மாட்டேன், எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. முருகனுக்கு வைத்த கடனை அறுவை முடிந்த பிறகும் செலுத்தலாம். புற்று பார்வை நரம்பைப் பிடித்து மூளைக்குப் போய்விட்டால், அல்லது இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைக்குப் போய்விட்டால், பிறகு கண்ணை எடுத்தாலும் குழந்தையை மீட்பது மிகக் கடினம்.

'முதலில் கீமோ கொடுத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் எடுப்போம்' என்பது நடுவழி போலத் தோன்றும். முற்றிய கண்ணில் அதுவும் ஆபத்து. 2011-இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: ஈ பிரிவுக் கண்ணை எடுப்பதற்கு முன் கீமோ கொடுத்து, எடுப்பதை 3 மாதத்துக்கு மேல் தள்ளிய குழந்தைகளில் இறப்பு கூடியது. கீமோ கட்டியைச் சுருக்கி, அது எங்கெல்லாம் பரவியிருந்தது என்ற தடயத்தை மறைத்துவிடுகிறது. எடுத்த கண்ணை நோயியல் நிபுணர் பார்க்கும்போது ஆபத்து குறைவாகத் தெரியும், அதனால் தேவையான அடுத்த சிகிச்சை கிடைக்காமல் போகும்.

எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். அறுவை ஏறக்குறைய ஒரு மணி நேரம். கண்விழி இருந்த இடத்தில் ஒரு சிறு உருண்டையை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதன்மேல் பொருத்துவார்கள். இமைகளுக்குக் கீழே தற்காலிகமாக ஒரு தெளிவான வில்லை இருக்கும். சுமார் ஆறு வாரத்தில் புண் ஆறியதும் செயற்கைக் கண் பொருத்தலாம். கண்ணாடிக் குண்டு மாதிரி எதையோ கற்பனை செய்து பயந்துகொள்கிறார்கள். அது அக்ரிலிக்கில் செய்த, கிண்ணம் போல் வளைந்த மெல்லிய ஓடு. குழந்தையின் மற்றக் கண்ணைப் பார்த்து, அதே பழுப்பு நிறத்தையும் வெண்பகுதியின் நுண்ணிய சிவப்பு நரம்புகளையும்கூட வரைவார்கள். தசை பொருத்தப்பட்டிருப்பதால் ஓரளவு அசையவும் செய்யும். கழற்றிக் கழுவ ஒரு சிறு ரப்பர் உறிஞ்சி போதும். அம்மாக்கள் விரைவில் பழகிவிடுகிறார்கள். குழந்தை வளர வளர மாற்ற வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட குழந்தைகள் என் கடைக்குக் கண்ணாடி போட வருகிறார்கள். பவர் இருக்காது, இருக்கும் ஒரு கண்ணைப் பந்திலிருந்தும் பென்சில் முனையிலிருந்தும் காப்பாற்ற உடையாத பாலிகார்பனேட் வில்லை போட்டுக் கொடுக்கிறோம். ஒரு கண்ணோடு வளரும் குழந்தைக்கு ஆழத்தைக் கணிக்க மூளை வேறு வழிகளைக் கற்றுக்கொள்கிறது. படிக்கட்டில் இறங்கும், சைக்கிள் ஓட்டும், பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்து படிக்கும். அந்தக் கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லாததால், எடுத்ததால் புதிதாக எதையும் அது இழக்கவில்லை.

இன்னொன்று. கண்ணை எடுத்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று வராமல் இருந்துவிடாதீர்கள். எடுத்த கண்ணை ஆய்வு செய்து, நரம்பின் வெட்டுமுனையிலும், விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு அடுக்கிலும் புற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்வார்கள். அந்த அறிக்கையைப் பொறுத்துத்தான் கீமோ தேவையா இல்லையா என்பது. 'கண்ணையே எடுத்தாச்சு, இனி எதற்கு மருந்து' என்ற பேச்சில் போன உயிர்கள் இருக்கின்றன.

என் கருத்து இப்படி: ஒரே கண்ணில் ஈ பிரிவு நோய், மற்றக் கண் நன்றாக இருக்கிறது என்றால் அறுவைக்குச் சம்மதியுங்கள், அந்த வாரத்திலேயே. இரண்டு கண்ணிலும் நோய் என்றால் நிலைமை வேறு. மோசமான கண்ணை எடுத்துவிட்டு, மற்றதற்குக் கீமோ, லேசர், தமனி வழி மருந்து என்று எல்லா வழியையும் முயல்வது நியாயம். அங்கே கண்ணைக் காப்பாற்றப் படும் பாடு அத்தனைக்கும் அர்த்தம் இருக்கிறது. ஏ முதல் சி வரையான பிரிவுகளில் கண்ணை எடுக்கச் சொன்னால் இரண்டாவது மருத்துவரைக் கேளுங்கள், அதுவும் சில நாட்களுக்குள்.

மூன்றாவது முடிவு: இங்கேயா, இந்தியாவிலா

மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் 1978-இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். அங்கே இந்த நோய் உள்ள குழந்தைகளை மிக அதிகமாகப் பார்க்கிறார்கள், அனுபவம் உண்டு. மருத்துவரிடம் தமிழில் வாய்விட்டுப் பேசலாம் என்பதையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கலங்கி நிற்கும் அம்மாவுக்கு அது பெரிய விஷயம்.

ஆனாலும் இங்கேயே தொடங்கச் சொல்வேன். இந்தச் சிகிச்சை ஒரு அறுவையோடு முடிவதில்லை, மாதாமாதம் நீளும். பாஸ்போர்ட், விசா, விடுப்பு, தமிழ்ப் பத்திரிகையில் செய்தி போட்டு நன்கொடை திரட்டுவது என்று கிளம்புவதற்கே மாதங்கள் போய்விடுகின்றன, அந்த மாதங்களில் கட்டி வளர்கிறது. ஒரு சுற்று அங்கே, ஒரு சுற்று இங்கே என்று மாறினால் மயக்கத்தில் பார்த்த படங்களும் ஆய்வு அறிக்கைகளும் சிதறிப்போகும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் விழித்திரைப் படங்களையும் எம்ஆர்ஐயையும் பிரதி எடுத்து அனுப்பிக் கேட்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறத் தேவையில்லை. போக நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது: மீதமிருக்கும் ஒரே கண்ணைக் காப்பாற்ற இங்கே கிடைக்காத ஒரு குறிப்பிட்ட சிகிச்சை அங்கே இருக்கிறது என்று இங்குள்ள மருத்துவரே சொல்லி, கடிதம் கொடுத்து அனுப்பினால் போகலாம்.

இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம்தான். அந்தக் கட்டணத்துக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் உண்டு. முதல் நாளே மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பாருங்கள். பத்திரம் தீரும் வரை நோய் காத்திருக்காது, இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

மற்றப் பிள்ளைகளின் கண்கள்

ஒரு குழந்தைக்கு நோய் என்று தெரிந்ததும், குடும்பத்தின் மொத்தக் கவனமும் அந்தக் குழந்தை மேல் குவிந்துவிடும். தம்பி தங்கைகளை யாரும் பார்ப்பதில்லை. இந்த நோய் 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1 என்ற மரபணு பழுதாவதால் வருகிறது. சுமார் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அந்தப் பழுது உடம்பின் எல்லா அணுக்களிலும் இருக்கும். இரண்டு கண்ணிலும் வந்தவர்கள் எல்லாருமே இந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணில் வந்தவர்களிலும் சிலர் இருப்பார்கள். அவர்கள் வளர்ந்து குழந்தை பெற்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணு போக இரண்டில் ஒரு வாய்ப்பு. எலும்பு, தோல் போன்ற இடங்களில் பின்னாளில் வரக்கூடிய புற்றுகளுக்காகவும் அவர்களைக் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அப்பா அம்மா கண்களையும் விரித்துப் பார்ப்பீர்களா? சில பெற்றோருக்குத் தானாக ஆறிப்போன பழைய தழும்பு இருக்கும், அவர்களுக்கே தெரியாது. மற்றப் பிள்ளைகளை எப்போது கொண்டுவர வேண்டும்? மரபணுச் சோதனைக்கு இரத்தம் எங்கே கொடுப்பது? அம்மா மீண்டும் கர்ப்பமாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிறக்கும் குழந்தையின் கண்ணை முதல் வாரங்களிலேயே பார்க்க ஏற்பாடு செய்வார்கள். அப்போது கண்டுபிடிக்கும் கட்டி பெரும்பாலும் ஏ அல்லது பி பிரிவாகத்தான் இருக்கும், லேசரோடு முடிந்துவிடக்கூடிய அளவில்.